கோப்பையைக் கவிழ்த்த கரடி

பிரெஞ்சுக்காரர் ஒருவர் கட்டி வாழ்ந்து விட்டுப்போன பங்களா இடிந்து கிடந்த ஒரு காட்டில், கரடி ஒன்று குடும்பத்தோடு இருந்தது. அதற்குத் தேன்மேல் ஆசை இல்லை. தேநீர்க் கோப்பைமேல்தான் ஆசை. கரடிக்கு, பிள்ளைகளே, கரடிக்கு.

இடிபாட்டைக் கிளறிக் கிளறிப் பழைய பீங்கான் கோப்பைகளாக எடுத்துவந்து குகையில் அடுக்கியது. வெயிலில் பிடித்தால் மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரியும், அவ்வளவு மெலிசு. எந்தக் கோப்பை கிடைத்தாலும் முதல் வேலையாகக் கவிழ்த்து அடியைப் பார்க்கும். செய்தவரின் முத்திரை அங்கேதான் இருக்கும். நீல முத்திரை நிறைய வைத்திருந்தது. சிவப்பு முத்திரை மட்டும் கிடைக்கவே இல்லை.

"இதுல தண்ணியாவது குடிக்கலாமாண்ணே?" என்று முயல் கேட்டது.

"குடிக்கவா? உனக்கெல்லாம் கொட்டாங்கச்சி போதும், போ."

ஒருநாள் காலை, கரடியின் குட்டியைப் பாம்பு கடித்துவிட்டது. பின்னங்கால் பூசணிக்காய்போல் வீங்கியது.

பெண்கரடி குட்டியை மடியில் கிடத்திக்கொண்டு, "கீரிகிட்ட ஓடுங்க. விஷத்துக்கு வேர் அதுகிட்டதான் இருக்கு. சாறு வாங்க ஒரு கோப்பை எடுத்துக்குங்க" என்றது.

கரடி அடுக்கைப் பார்த்தது. "இதுலயா? கறை பிடிச்சா போகாதே."

"புள்ள கண்ணு சொருகுது. கறையைப் பத்திப் பேசுறீங்க."

"கீரி வீட்டுல ஏதாச்சும் இருக்கும்" என்று சொல்லி, கரடி வெறுங்கையோடு ஓடியது.

விஷயத்தைக் கேட்டதும் கீரி இருந்த வேரையெல்லாம் இடித்துச் சாறு பிழிந்தது. "பாத்திரம் எங்கண்ணே?"

"கொண்டு வரல."

"நல்லா இருக்கு. குகை நிறையக் கோப்பை வச்சிருக்கிற ஆளு கையை வீசிட்டு வந்திருக்கீங்க."

கீரி வளைக்குள் போய், தன் குட்டிகளுக்குத் தண்ணீர் வைக்கும் கோப்பையைக் கழுவி எடுத்துவந்தது. சாற்றை அதில் ஊற்றிக் கொடுத்தது. "வேர் இவ்வளவுதான். மழை பெஞ்சாத்தான் இனி முளைக்கும். சிந்தாமப் போங்க."

கரடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. பாதி வழிவரை சாற்றையே பார்த்துக்கொண்டு நடந்தது. அதற்குமேல் கோப்பையைப் பார்த்தது. மெலிசு. விளிம்பில் தங்கக் கோடு. பிடி, கொடி சுருண்டதுபோல் இருந்தது. இப்படி ஒன்றை அது கண்டதில்லை.

ஓடைக்கரையில் கால் நின்றது. கை பழகிய கை. கவிழ்த்து அடியைப் பார்த்தது.

சிவப்பு முத்திரை.

"கிடைச்சிடுச்சு" என்று கரடி முணுமுணுத்தது. அப்புறம்தான் பாதத்தில் ஈரம் பட்டது.

குனிந்து மணலைத் துழாவியது. மணல் குடித்த சாற்றை யார் திருப்பி வாங்குவது? ஈர மணலையே ஒரு கையால் அள்ளிக்கொண்டு ஓடியது.

"சாறு எங்க?" என்றது பெண்கரடி.

கரடி மணலை நீட்டியது. மறுகையில் கோப்பை ஒரு கீறலும் இல்லாமல் இருந்தது. பெண்கரடி அதைப் பார்த்தது. மணலை வாங்கிக் கடிவாயில் அப்பியது.

குட்டி பிழைத்தது. கால் பிழைக்கவில்லை.

மற்ற கரடிக்குட்டிகள் மரம் ஏறப் போகும்போது, இது மட்டும் அப்பன் முதுகில் உட்கார்ந்து போகும். ஒருநாள் அங்கிருந்தபடியே கேட்டது: "கீரி மாமா குடுத்த கோப்பையில என்னப்பா இருந்துச்சு?"

கரடி சற்றுத் தூரம் நடந்தது.

"மருந்து" என்றது.

நீதி: பாத்திரத்தின் பெருமையைப் பார்க்கிறவன், பாத்திரத்தில் இருப்பதைக் கொட்டிவிடுவான்.