எத்தனை சாமி? ஆட்டைக் கேட்போம்

கோணக்காட்டில் வீடுகள் இருபத்தாறு, சாமிகள் பதினொன்று. மூளை எத்தனை என்று மட்டும் இதுவரை யாரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு முதலில் ஒன்று வேண்டுமே.

அந்த ஊர் வெள்ளத்தாயிக்குப் பிள்ளை இல்லை, துரைதான் இருந்தது. துரை ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் கிடாய். தாயாடு செத்த அன்றிலிருந்து அவள் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தது. அவள் தட்டிலேயே சாப்பிடும். அவள் முந்தானையில் வாய் துடைக்கும். கோபம் வந்தால் அவள் புருஷன் முத்திருளனை மட்டும் முட்டும். இதைவிட நல்ல பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று அவள் கேட்டால் ஊரில் யாருக்கும் பதில் தெரியாது.

வினை முத்திருளனின் கடைவாய்ப் பல்லில் வந்தது. வலி தாங்காமல் அவன் சாமிக்கு வேண்டிக்கொள்ளக் கிளம்பினான். ஒரு சாமியிடம் சொன்னால் மற்றது கோபித்துக்கொள்ளுமே என்று, கன்னத்தைப் பிடித்தபடி பதினொரு கோயிலுக்கும் நடந்தான். ஒவ்வொன்றின் முன்னும், "வலி தீர்ந்தா எங்க வீட்டுக் கிடாய் உனக்குத்தான்" என்று சத்தியம் செய்தான். பதினொன்றாவது கருப்பன் கோயில். அங்கே படி தடுக்கிக் குப்புற விழுந்தான். எழுந்தபோது பல் படியில் கிடந்தது. வலி போயே போய்விட்டது.

பதினொரு கோயிலுக்கும் ஒரே பூசாரி, சங்கிலி. வெட்டுகிற கிடாயின் தலை பூசாரிக்கு என்பது ஊர் வழக்கம்.

"பதினொரு சாமி, பதினொரு கிடாய்" என்றார் சங்கிலி. எச்சில் விழுங்கிக்கொண்டு, "பதினொரு தலை" என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எங்ககிட்ட இருக்கிறது ஒண்ணுதானே பூசாரியண்ணே!" என்றாள் வெள்ளத்தாயி.

"வர்ற வெள்ளிக்கிழமை கருப்பனுக்கு அதை வெட்டுவோம் தாயி. மிச்சம் பத்துக்கும் அதையே திரும்ப வெட்ட முடியுதான்னு பாப்போம். முடியலைன்னா அப்புறம் யோசிக்கலாம்."

அவள் துரையைக் கட்டிக்கொண்டு அழுதாள். துரை அவள் கன்னத்தை நக்கியது. உப்பு என்றால் அதற்கு உயிர்.

மறுநாள் நண்பகல் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு பெரியவர், மடியில் குடையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். கண்ணாடி போட்டவருக்கு எல்லாம் தெரியும் என்பது கோணக்காட்டின் கணிப்பு. வெள்ளத்தாயி அவரிடம் முழுக் கதையையும் பல்லிலிருந்து சொன்னாள்.

அவர் சிரித்தார். "சாமி ஒருத்தர்தாம்மா. பேர்தான் வேற வேற. ஒரே மனசாக் கூப்பிட்டுப் பாருங்க, வந்து நிப்பார்."

"கருப்பனும் பிள்ளையாரும் ஒரே ஆளா?"

"ஒரே ஆள்தான்."

அவள் எழுந்து ஓடினாள். ஓடிய வேகத்தில் அவருடைய குடையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பாவம், அவர் அடுத்த பஸ் வரும்வரை மரநிழல் நகர நகரத் தானும் நகர்ந்துகொண்டிருந்தார்.

ஊர்த்தலைவர் குழந்தைவேலு தலைமையில் கூட்டம் கூடியது. வெள்ளத்தாயி நடுவில் நின்று, கண்ணாடிக்காரர் சொன்னதை முழுக்க ஒப்பித்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளையார் சைவம். கொழுக்கட்டைதான் தின்பார். கருப்பனும் பிள்ளையாரும் ஒரே ஆள்னா கருப்பனும் சைவம். என் துரையை விட்டுடுங்க."

கூட்டம் அசந்துபோனது. அவ்வளவு தூரம் அந்த ஊரில் யாரும் யோசித்ததில்லை.

சங்கிலிப் பூசாரி விடவில்லை. "ஒரே ஆள்தானே? கருப்பன் கறி தின்பார். அப்போ பிள்ளையாரும் தின்பார். இத்தனை நாள் நாமதான் அவருக்குக் குடுக்காம வச்சிருக்கோம். வெறும் கொழுக்கட்டையைக் குடுத்து ஏமாத்திட்டோம்!"

"ஐயையோ" என்று நாலைந்து பேர் பிள்ளையார் கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"இதைப் பேசித் தீர்க்க முடியாது" என்றார் குழந்தைவேலு. "கண்ணாடிக்காரர் சொன்ன மாதிரி கூப்பிட்டுப் பாத்துடுவோம். பதினொரு கோயில் வாசல்லயும் ஆள் நிறுத்துவோம். ஒரே நேரத்துல கூப்பிடுவோம். ஒரே ஒரு வாசல்ல பதில் வந்தா சாமி ஒண்ணு. பதினொரு வாசல்லயும் வந்தா பதினொண்ணு."

மறுநாள் காலை அப்படியே செய்தார்கள். தலைவர் தகரத்தைத் தட்டியதும் ஊரே, "சாமியோவ்!" என்று கத்தியது. காக்கைகள் பறந்தன. நாய்கள் பக்கத்து ஊருக்குப் போய்விட்டன. வேறு எதுவும் நடக்கவில்லை.

எல்லோரும் திரும்பி வந்தார்கள். "என் வாசல்ல பதில் இல்லை." "என் வாசல்லயும் இல்லை."

நெடுநேரம் யோசித்துவிட்டு முத்திருளன் சொன்னான்: "சாமி ஊர்ல இல்ல. வெளியூர் போயிருக்கு."

எல்லோருக்கும் நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. வெளியூர் போனதென்றால் பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். மத்தியானம் பஸ் வந்ததும் மறித்தார்கள்.

"கண்டக்டர் தம்பி, எங்க ஊர்ல சாமி ஏறுச்சா?"

"எந்த சாமி?"

"அதுதான் தெரியலை. நீங்க எத்தனை டிக்கெட் கிழிச்சீங்கன்னு சொன்னா எத்தனை சாமின்னு நாங்க கண்டுபிடிச்சிடுவோம்."

கண்டக்டர் அவர்களை ஒரு நிமிடம் பார்த்தார். "உங்க ஊர்ல ஏறுறவன் எவன் டிக்கெட் எடுத்திருக்கான்?" என்று கேட்டுவிட்டு விசில் ஊதினார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அன்று சாயங்காலம் குழந்தைவேலுவுக்கு யோசனை உதித்தது. கிடாய் வெட்டுமுன் அதன் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதன்பிறகுதான் அரிவாள்.

"ஒரு சிலுப்பு, ஒரு சாமியோட உத்தரவு" என்றார் தலைவர். "வெள்ளிக்கிழமை துரை எத்தனை தரம் சிலுப்புதுன்னு எண்ணுவோம். ஒரு தரம்னா சாமி ஒண்ணு, துரையோட முடிஞ்சுது. பதினொரு தரம்னா இன்னும் பத்துக் கிடாய் தேடணும்."

"எப்படிச் சிலுப்பினாலும் என் துரை போயிடுமே!" என்றாள் வெள்ளத்தாயி.

"ஆமா. ஆனா ஒரு பெரிய சந்தேகத்தைத் தீர்த்துட்டுப் போகும்."

"சிலுப்பலைன்னா?"

எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீர் ஊற்றிச் சிலுப்பாத ஆட்டை உலகத்தில் யார் பார்த்தது?

வெள்ளத்தாயி வீட்டுக்குப் போனாள். துரையைக் கிணற்றடியில் நிறுத்தி, "கண்ணு, அம்மா எப்படி நிக்கிறேன்னு பாரு" என்று தன் தலையில் ஒரு குடம் ஊற்றிக்கொண்டு ஆடாமல் நின்றாள். துரை ஆர்வமாகப் பார்த்தது. பிறகு அதன் தலையில் ஊற்றினாள். சிலுப்பித் தள்ளியது. மறுபடி தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். இப்படியே காலையும் மாலையும். மூன்றாம் நாள் அவளுக்கு ஜலதோஷம் பிடித்தது. நான்காம் நாள் துரைக்குக் குளியல் பிடித்தது. ஐந்தாம் நாள் குடத்தைப் பார்த்ததும் அதுவே வந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றது. முத்திருளனின் ஒரே துண்டு துரைக்குத் துவட்டவே சரியாகப் போனது. அவன் வாரம் முழுக்க ஈரத்தோடு திரிந்தான்.

வெள்ளிக்கிழமை கருப்பன் கோயிலில் ஊரே கூடியது. சிலுப்பை எண்ண நான்கு பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவனுக்கு விரல் தீர்ந்தால் அடுத்தவன் எண்ணுவான். அரிவாள்காரர் சாணை பிடித்த அரிவாளோடு நின்றார்.

சங்கிலி முதல் குடத்தை ஊற்றினார். துரை கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாவது குடம். துரை கழுத்தை நீட்டிக் காதுக்குப் பின்னாலும் ஊற்றும்படி காட்டியது.

ஏழாவது குடத்தில் சங்கிலிக்கு மூச்சு வாங்கியது. பதினொன்றாவது குடத்தில் துரை அசைபோட ஆரம்பித்தது. தலை மட்டும் இம்மியும் ஆடவில்லை.

"எத்தனை?" என்றார் தலைவர்.

எண்ண வந்த நால்வரும் தங்கள் விரல்களைப் பார்த்தார்கள். ஒன்றுகூட மடங்கவில்லை. "ஒண்ணுமில்லை" என்றார்கள்.



"அப்போ சாமி ஒண்ணுமில்ல, பதினொண்ணுமில்ல..." என்று இழுத்தான் முத்திருளன்.

"ஆடு நாத்திகம் பேசுது!" என்று அலறினார் சங்கிலி.

"அது வாயே திறக்கலையே அண்ணே."

"வாய் திறக்காமப் பேசுதே, அதுதான்யா முத்தின நாத்திகம்!"

அரிவாள்காரர் அரிவாளைத் தரையில் ஊன்றினார். "சாமி பேரைச் சொல்லித்தான் நான் வெட்டுவேன். இப்போ யார் பேரைச் சொல்றது? வேணும்னா தலைவர் பேரைச் சொல்லி வெட்டட்டுமா?"

குழந்தைவேலு அவசரமாகத் துரையின் கயிற்றை அவிழ்த்து வெள்ளத்தாயி கையில் கொடுத்தார். அவள் துரையின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பிச் சிரித்தாள்.

சங்கிலி மட்டும் படியில் உட்கார்ந்துவிட்டார். "சாமி இல்லைன்னா நான் முப்பது வருஷமா யாருக்குய்யா மணி ஆட்டினேன்?"

"எங்களுக்குத்தான். நல்லாத்தான் ஆட்டினீங்க" என்று தலைவர் தேற்றினார். திடீரென்று முகம் மாறிக் குரலைத் தாழ்த்தினார். "எல்லாரும் மெதுவாப் பேசுங்க. சாமி காதுல விழுந்துடப் போகுது."

"விழுந்தா என்ன?"

"என்னய்யா இப்படிக் கேக்குறே? தான் இல்லைங்கிறது திடுதிப்புனு தெரிய வந்தா எந்தச் சாமிக்கும் மனசு சங்கடப்படாதா?"

கூட்டத்தில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், இத்தனை காலம் நம்மோடு இருந்த சாமிகள். இல்லை என்ற செய்தியை மட்டும் எப்பாடுபட்டாவது அவற்றுக்குத் தெரியாமல் காக்க வேண்டும் என்று முடிவானது. வீட்டுக்கு வீடு தலையணையைப் பிரித்து இலவம்பஞ்சு கொண்டுவந்தார்கள். நுனிக்காலில் நடந்து கோயில் கோயிலாகப் போய், ஒவ்வொரு சாமியிடமும், "நீங்க இருக்கீங்க, நல்லா இருக்கீங்க, ஒண்ணும் கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தார்கள். பிள்ளையார் காதுக்கு மட்டும் இரண்டு தலையணை பிடித்தது.

கடைசியாகக் கருப்பனுக்கும் அடைத்து முடித்தார்கள். அப்போது வெள்ளத்தாயி துரையை இழுத்துக்கொண்டு வந்து, தடாலென்று கருப்பன் காலில் விழுந்தாள்.

"கருப்பா! நீ இல்லைன்னு சொல்லவச்சு எம் பிள்ளையைக் காப்பாத்திட்டியே! இந்த நன்றியை நான் மறப்பேனா? அடுத்த வெள்ளிக்கிழமை உனக்கு ஒரு கிடாய் வெட்டுறேன்யா!"

"ஏ கிறுக்கி!" என்று பதறினான் முத்திருளன். "நம்ம வீட்ல இருக்கிறது துரை ஒண்ணுதானடி!"

"பின்னே? எம் பிள்ளையையே காப்பாத்திக் குடுத்த சாமிக்குக் கண்ட ஆட்டையா குடுக்கச் சொல்றீங்க?"

குழந்தைவேலு நடுவில் வந்து கையமர்த்தினார். "ஒண்ணும் மோசமில்லை. காதுலதான் பஞ்சு இருக்கே. சாமி எதையும் கேட்டிருக்காது. துரைக்குப் பயமில்லை."

ஊரே பெருமூச்சு விட்டது. முத்திருளன்கூட முதல்முறையாகத் துரையைத் தடவிக்கொடுத்தான்.

வெள்ளத்தாயியின் முகம் மட்டும் வாடிப்போனது. "கேக்கலையா?" என்றாள்.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு பீடத்தில் ஏறினாள். கருப்பனின் இரண்டு காதிலிருந்தும் பஞ்சைப் பிடுங்கி எறிந்தாள். வாயைக் காதோடு வைத்து, முதலிலிருந்து, இன்னும் உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.