கூடத்துக்கு ஒரு பிராசஸர்

“லேப்டாப் பிராசஸரா, சர்வர் பிராசஸரா? நீங்கதான் சொல்லணும், குருவே.”

ஏற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, விசாரித்துக்கொண்டே வந்து ஆக்னஸின் வீட்டுக் கதவைத் தட்டிய வைரவன், செருப்பைக் கழற்றும் முன்பே இதைக் கேட்டுவிட்டார்.

ஆக்னஸ் அவர் தோளிலிருந்து பையை வாங்கி வைத்தாள். காபி போட உள்ளே போனாள்.

அவள் அங்கே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். வைரவனைவிட வயதில் மிகவும் சின்னவள். குரு என்று அவர் கூப்பிட ஆரம்பித்தது விளையாட்டாகத்தான். காரைக்குடியில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையில் இருந்த அவருக்கு, எந்த ஒயரை எங்கே செருகுவது, எதைத் தட்டினால் எது ஓடும், நின்றுபோனால் எப்படி எழுப்புவது என்று எல்லாவற்றையும் போனிலேயே சொல்லிக்கொடுத்தவள் அவள். நாளாக நாளாக விளையாட்டு போய்விட்டது. சொல் மட்டும் நின்றுவிட்டது.

அவள் சொல்லிக்கொடுத்ததை வைத்து அவர் நடத்தியது ‘கூடம்’. இணையத்தில் தமிழ் எழுதவே பலர் தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த தமிழர்கள் வந்து பேசிக்கொள்ள ஒரு இடம். அந்தக் கூடம் இருந்தது வைரவன் வீட்டு மாடியறையில், மேசைக்கு அடியில் வைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்.

சாயங்காலம் ஆனால் போதும். கோலார் பிச்சையா ஒரு கேள்வியைப் போடுவார். சிங்கப்பூர் மாதவி சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து அதை மறுப்பார். டொராண்டோவில் இளங்கீரன் தூங்கி எழுந்து, பல்கூடத் துலக்காமல், இரண்டு பேரும் தப்பு என்பார். ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி வாரக்கணக்கில் சண்டை நடக்கும். யார் வீட்டிலாவது குழந்தை பிறந்தால் பாட்டன் வீட்டுக்குச் சொல்லும் முன்னால் கூடத்துக்குச் சேதி வந்துவிடும்.

ஒரு பொங்கலன்று கவியரங்கம் வைத்தார்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். மேசைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்றுவிட்டது.

அதை எழுப்ப வைரவனுக்கு ஒரு வாரம் ஆயிற்று. திரும்ப எழுந்தபோது பாதிப் பேரைக் காணோம். அடுத்த வருடம் மீதிப் பேரையும் காணோம்.

அன்றைக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிய மெஷின் இருந்திருந்தால் என்று அவர் நினைக்காத நாள் இல்லை. மனைவி போன பிறகு அந்த நினைப்பு இன்னும் முற்றிவிட்டது. சாயங்காலம் மாடிக்குப் போவார். திரையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது அந்தப் பழைய கம்ப்யூட்டரும் கடைசிக் காலத்துக்கு வந்துவிட்டது. புதிது வாங்கியாக வேண்டும். மதுரைக் கடையில் இரண்டு வழி சொன்னார்கள். சர்வர் பிராசஸர் என்றால் ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வந்தாலும் அசராது, இரவு பகல் ஓய்வே கேட்காது. ஆனால் வைத்த இடத்தை விட்டு நகராது, கரண்டைக் குடிக்கும். லேப்டாப் பிராசஸர் சிக்கனம், சத்தம் போடாது, நாலு பேருக்குத் தாராளமாகப் போதும். கூட்டம் சேர்ந்தால் சூடாகித் திணறும்.

இதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும்வரை ஆக்னஸ் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“நேத்து எத்தனை பேர் வந்தாங்க, அண்ணே?”

“நேத்தைப் பத்தி இல்லம்மா. இனிமே வரப்போறதைப் பத்தி.”

“நேத்து?”

வைரவன் காபி டம்ளரைப் பார்த்தார். “யாருமில்ல.”

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரே சொன்னார். “நார்வேயில கனகான்னு ஒரு அம்மா. அவங்க வந்தாங்க. அவங்க எப்பவும் வர்றவங்க. அதைக் கணக்குல சேர்க்க முடியாது.”

ஆக்னஸ் எழுந்தாள். “சரி. சர்வர்லயே வச்சுப் பாத்துடுவோம்.”

வைரவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பள்ளிக்கு என்று வாங்கிய சர்வர் ஒன்று பள்ளிக்கு இன்னும் போகாமல் அவள் வீட்டுப் பின்னறையில் இருந்தது. ஒரு டிஸ்க்கில் பதிந்து அவர் பையில் கொண்டுவந்திருந்த கூடத்தை அதில் இறக்கினாள். வருகிறவர்கள் இனி இங்கே வந்து சேரும்படி வழியை மாற்றிவிட்டாள். மறுநாள் காலை பொத்தானை அழுத்தியதும் அறை முழுக்க மின்விசிறிகளின் இரைச்சல் எழுந்தது.

திரையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். உள்ளே வேலை செய்யக் காத்திருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெட்டி. வேலை வந்தால் அந்தப் பெட்டியின் கோடு துள்ளும்.

“உக்காருங்க. பாத்துக்கிட்டே இருங்க,” என்று சொல்லிவிட்டு ஆக்னஸ் பள்ளிக்குப் போனாள்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் சந்தோஷமாக இருந்தது. விளக்கெல்லாம் போட்டு, நாற்காலியெல்லாம் விரித்து, விருந்தாளிகள் வரும் முன் கல்யாண மண்டபத்தில் தனியாக நிற்பவரைப் போல இருந்தார். இந்தப் பெட்டி பிச்சையாவுக்கு, அது மாதவிக்கு, மேலே இருப்பது இளங்கீரனுக்கு என்று மனசுக்குள் இடம் போட்டுப் பார்த்தார்.

கோடுகள் அசையவில்லை.

வெயில் சன்னல் வழியே வந்து தரையில் விழுந்தது. சுவரில் ஏறியது. போய்விட்டது. மின்விசிறிகள் இரைந்துகொண்டே இருந்தன.

மத்தியானத்துக்கு மேல் ஒரே ஒரு பெட்டியில் கோடு துள்ளியது.

வைரவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு யார் என்று பார்த்தார்.

கனகா.

திரும்ப உட்கார்ந்துகொண்டார்.

பள்ளி விட்டு வந்த ஆக்னஸ் வாசற்படியில் நின்றே கேட்டாள். “யாராவது வந்தாங்களா?”

“இல்லம்மா.”

அவள் திரையைப் பார்த்தாள். “ஒண்ணு ஆடியிருக்கே.”

“அது கனகா.”

“ஓ,” என்றாள் ஆக்னஸ்.

மறுநாள் பள்ளி விடுமுறை. ஆக்னஸ் தன் பழைய லேப்டாப் ஒன்றைத் துடைத்து எடுத்து, கூடத்தை அதற்கு மாற்றத் தொடங்கினாள். வைரவனுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள்தானே ஆயிற்று, சொல்லி அனுப்பினால் எல்லோரும் வருவார்கள், வருகிற நேரத்தில் இந்தச் சின்னது தாங்குமா என்று வாதாடினார்.

“அன்னிக்கு மாதிரி மறுபடியும் நின்னுட்டா?”

“நின்னா மறுபடி இங்க வாங்க. பெரிசு வாங்கலாம்.”

“அப்ப அவங்க வரவே மாட்டாங்கன்னு சொல்றீங்களா?”

ஆக்னஸின் கை நின்றது.

“அவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுண்ணே. போனவங்கள்ல நானும் ஒருத்தி.”

அது அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கில் அவளை அவர் ஒருநாளும் சேர்த்ததில்லை.

“மெஷின் நின்னதாலயா?” என்றார். அப்படித்தான் என்று அவள் சொல்ல மாட்டாளா என்று இருந்தது அவருக்கு.

“இல்ல. பையன் பொறந்தான். அப்புறம் கையில போன் வந்துச்சு. அப்புறம் மறந்துட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரைத் தேற்றவும் இல்லை. குனிந்து சர்வரின் பொத்தானை அழுத்தினாள்.

இரைச்சல் நின்றது. எவ்வளவு நேரமாகக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் வைரவனுக்கு உறைத்தது. வெளியே காப்பிச் செடிகளின் மேல் மழை தூறிக்கொண்டிருந்தது. அதுவும் அப்போதுதான் கேட்டது.

ஆக்னஸ் லேப்டாப்பை அவர் மடியில் வைத்தாள்.

“வாசிங்க.”

“எதை?”

“நேத்து வந்தவங்க எழுதினதை. சத்தமா.”

அவர் கனகா எழுதியதை முழுக்கப் படித்ததே கிடையாது. கூடத்தில் கண்டகண்ட விளம்பரங்கள் வந்து ஒட்டிக்கொள்ளும். அவற்றைத் துடைத்தெடுக்கும்போது, இது விளம்பரம் இல்லை, கனகா, என்று தாண்டிப் போய்விடுவார். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

“இண்டைக்கும் பனிதான். புட்டு அவிச்சனான். பக்கத்து வீட்டு நேசம் அக்கா மகனோட லண்டனுக்குப் போயிட்டா. இனி இந்தத் தெருவில தமிழ் கதைக்க ஆள் இல்லை. காலமை சன்னலைத் திறந்து, பனி பெய்யுது எண்டு சும்மா சொல்லிப் பாத்தன். என்ரை குரல் எனக்கே புதுசாக் கிடந்தது. ஆரும் இருக்கிறியளோ?”

வாசித்து முடித்து நிமிர்ந்தார். ஆக்னஸ் அறையில் இல்லை. உள்ளே எங்கோ பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

யாரும் சொல்லாமலே அவர் முந்தின நாளுக்குப் போனார். அதற்கு முந்தின நாளுக்கும் போனார். மழை, பனி, முழங்கால் வலி, உறைந்த தேங்காய்த் துருவலில் வைத்த சொதிக் குழம்பு, வானொலியில் கேட்ட ஏதோ ஒரு செய்தி. ஒவ்வொன்றின் கடைசியிலும் அதே வரி. ஆரும் இருக்கிறியளோ? சத்தமாக வாசிப்பதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்குத் தெரியவில்லை. கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாதங்கள் போயின. வருடங்கள் போயின. அந்தப் பொங்கலுக்கு அடுத்த வாரத்தில் வந்து நின்றார்.

“ஒரு கிழமையாக் கதவு பூட்டிக் கிடந்தது. ஒவ்வொரு நாளும் வந்து தட்டிப் பாத்தனான். கூடத்து வீட்டுக்காரருக்குச் சுகமில்லையோ எண்டு பயந்துபோனன். இண்டைக்குத் திறந்திருக்கு. சந்தோசம்.”

அந்த வாரம் முழுக்கத் தன்னை யாரும் தேடவில்லை என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். திரும்பவும் கழற்றினார்.

நேற்றைய பதிவுக்குக் கீழே, எழுதுவதற்கான கட்டத்தில் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. கூடம் தொடங்கிய நாளிலிருந்து அறிவிப்புகளைத் தவிர அவர் அங்கே எதையும் எழுதியதில்லை. வீட்டுக்காரன் பந்தியில் உட்காரக் கூடாது என்று ஒரு எண்ணம். “வணக்கம். தங்கள் பதிவு கண்டேன்,” என்று எழுதினார். அழித்தார்.

“இருக்கேம்மா,” என்று எழுதி அனுப்பினார்.

மழை வலுத்தது. அங்கே இப்போது என்ன நேரம் இருக்கும் என்று விரல் விட்டுக் கணக்குப் போட்டார். காலைதான். எழுந்திருப்பாளா, எழுந்தாலும் உடனே வந்து பார்ப்பாளா, பார்த்தாலும் நம்புவாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தனக்காக இப்படி ஒருத்தி காத்திருந்தாள் என்பதை நினைக்க நினைக்க உட்கார்ந்திருக்க முடியவில்லை. மடியில் லேப்டாப் இருந்ததால் எழுந்திருக்கவும் முடியவில்லை.

ஒரு வரி வந்தது.

“ஆர் அது?”

அவர் தன் பெயரை எழுதினார். ஊரையும் எழுதினார்.

பதில் வந்தது.

“வைரவன் அண்ணையோ? இருங்கோ. போயிடாதேங்கோ. அடுப்பை நிப்பாட்டிப்போட்டு ஓடி வாறன்.”

கையில் ஈரத்தோடு ஆக்னஸ் அறை வாசலில் வந்து நின்றாள்.

“என்னண்ணே, எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?”

வைரவன் திரும்பவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

“கொஞ்சம் இருங்கம்மா. ஆள் வந்திருக்காங்க.”