கையை விட்டால் குப்பை

பாளையங்கோட்டையில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமில்லை. நானும் இசக்கியும் செல்லப்பாவும் மட்டும் அந்தக் கணக்கில் வரமாட்டோம். புரோகிராம் எழுதும் வேலையை எங்களுக்கு யார் கொடுத்தது என்று மேலாளர் வேலாயுதம் அண்ணாச்சி அடிக்கடி கேட்பார். கொடுத்தது அவர்தான்.

புரோகிராமில் ஆப்ஜெக்ட் என்று ஒன்று உண்டு. வேலைக்கு ஒன்றாக உருவாக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டரில் இடத்தை அடைக்கும். நாங்கள் உருவாக்கிக்கொண்டே போனோம், எதையும் அழிக்கவில்லை. கம்ப்யூட்டர் திணறித் திணறி நின்றேவிட்டது.

அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, நல்லா கேட்டுக்கிடுங்க. தேவைப்படும்போதுதான் உருவாக்கணும். எவனாவது வேலைக்குன்னு பிடிச்சிருக்கிற வரைக்கும் அதைத் தொடக்கூடாது. எல்லாரும் கையை விட்டுட்டா அது குப்பை, உடனே அள்ளிப் போட்டுரணும். இதை வாழ்க்கை பூரா மறக்கக்கூடாது."

வாழ்க்கை பூரா என்றாரே, அதை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். அடுத்த வாரம் எனக்குக் கல்யாணம்.

பெண் பெயர் பூரணி. அவள் அப்பா சங்கரபாண்டியனுக்கு என்னைப் பார்த்த நாளிலிருந்தே சந்தேகம். "முகூர்த்தத்துக்குள்ள தாலி ஏறணும். நேரம் தப்பிச்சுன்னா பொண்ணைக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். பூரணி இல்லாவிட்டால் என்னை வேறு யாரும் கட்டிக்கொள்ள மாட்டார்கள் என்று எனக்கே தெரியும். அதனால் மண்டபப் பொறுப்பை நம்பிக்கையானவர்களிடம் ஒப்படைத்தேன். இசக்கியிடமும் செல்லப்பாவிடமும்தான்.

காலைப் பந்தியில் முதல் ஆள் உட்கார்ந்து இட்லி கேட்டதும் செல்லப்பா சமையல்கட்டுக்கு ஓடினான். "மாஸ்டர், அரிசியை ஊறப்போடுங்க. இட்லிக்கு ஆள் வந்துட்டு!" நல்லவேளை, மாஸ்டர் இவனை நம்பாமல் விடியுமுன்பே அவித்து ஒளித்து வைத்திருந்தார்.

இலைப் பொறுப்பு இசக்கிக்கு. சாப்பிடுகிறவர் இட்லியைப் பிட்டு வாய்க்குக் கொண்டுபோனால் கை இலையை விட்டுவிடுகிறது அல்லவா? அந்த நொடியே இலையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். முதல் பந்தி முழுக்கப் பட்டினியாக எழுந்தது. அடுத்த பந்தியில் எல்லோரும் இடது கையால் இலையை அமுக்கிக்கொண்டே சாப்பிட்டார்கள். ஒரு ஒழுங்கு வந்துவிட்டதே என்று மணமேடையில் நான் பூரித்துப்போனேன்.

அதற்குள் செல்லப்பாவுக்கு ஒரு கவலை. "வாசல்ல நிக்கிற வாழைமரத்தை யாருல பிடிச்சிருக்கா?"

"கயிறு" என்றான் இசக்கி.

"கயித்தை?"

"தூணு."

"தூணை?"

"மண்டபம்."

"மண்டபத்தை?"

"சாவி மண்டபத்து மேனேஜர்ட்ட இருக்கு" என்றான் இசக்கி. "அவரு வீட்டுக்குப் போயிட்டாருன்னா?" என்றான் செல்லப்பா. மண்டபத்தைக் காப்பாற்ற வேண்டி, மேனேஜரை அறையில் வைத்துப் பூட்டினார்கள்.

முகூர்த்தம் நெருங்கியது. தாலியைத் தட்டில் வைத்து, சபையில் எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்க இசக்கி கொண்டுபோனான். தொட்டார்கள், விட்டார்கள். கடைசியில் பூரணியின் அத்தையும் தொட்டு, கையை விட்டார். "வேற யாராவது பிடிக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டுப் பார்த்தான். யாரும் பிடிக்கவில்லை.

ஐயர் கை நீட்டினார். "தாலி எங்கே?"

"எச்சில் இலைத் தொட்டியில போட்டாச்சு சாமி."

"நீதானய்யா வச்சிருந்தே!"

"நான் தட்டைத்தான் பிடிச்சிருந்தேன். தாலியை ஒருத்தரும் பிடிக்கல."

சங்கரபாண்டியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பூரணி, எந்திரி. போவோம்." எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பூரணி எழுந்தாள். ஆனால் அப்பாவிடம் போகவில்லை. பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கொல்லைப்புறம் போய், தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவித் தாலியோடு வந்தாள். அதில் சாம்பார் சொட்டியது. "இந்தாங்க. சட்டுனு கட்டுங்க" என்றாள். கட்டினேன். நேரம் தப்பவில்லை. என் வாழ்நாளில் நான் உருப்படியாகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

பூரணி கை கழுவப் போனாள்.

"தாலி கட்டியாச்சு. இனி மாப்பிள்ளைக்கு என்னல வேலை?" என்றான் செல்லப்பா.

"ஒண்ணுமில்ல."

"யாராவது பிடிச்சிருக்காவளா?"

இருவரும் என்னைச் சுற்றிவந்து பார்த்தார்கள். பிறகு செல்லப்பா தலைமாட்டிலும் இசக்கி கால்மாட்டிலும் பிடித்து என்னைத் தொட்டிக்குத் தூக்கிப் போனார்கள். தொட்டி விளிம்பில்தான் எனக்கு மூளை வேலை செய்தது.

"ஏலே நில்லுங்க! இப்ப நீங்க பிடிச்சிருக்கீங்கள்லா?"

இருவரும் அப்படியே நின்றார்கள்.

"ஆமால. பிடிச்சிருக்கையில போடக்கூடாதே."

"விட்டாத்தான் குப்பை."

"விடாம எப்படிப் போட?"

நானும் அந்தரத்தில் கிடந்தபடியே யோசித்தேன். அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆகவே அவர்கள் விடவில்லை.

சாயங்காலம் பெண் வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். மண்டபத்துக்கு வரமுடியாமல் போன பூரணியின் பெரியம்மா, என்னைப் பார்த்ததும் தட்டோடு திகைத்து நின்றார்.

"ஏட்டி, மாப்பிள்ளையை எதுக்குத் தூக்கிட்டு வாராவ? நடக்க மாட்டாவளா?"

"நல்லா நடப்பாவ பெரியம்மா" என்றாள் பூரணி. "கீழ விட்டா குப்பையாம்."

நான் படுத்தபடியே ஆமாம் என்று தலையாட்டினேன்.