பின் வலது மூலை

"படிப்பை நிறுத்திக்கிடலாம்னு இருக்கேன் மேடம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

இசக்கியப்பன் தாளை மேசையில் வைத்தார்.

நாடகத்துறை ஆசிரியை ரெபேக்கா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். தாளைப் படிக்கவில்லை. அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்தார்.

"என்ன குறை?"

"ஒண்ணரை வருஷமா இருக்கேன். ஒரு வசனம் கிடையாது. பாடை தூக்குற நாலு பேர்ல ஒருத்தன். அதுவும் பின்னால, வலது மூலையில. பாக்க வர்றவங்களுக்கு என் முதுகுகூடத் தெரியாது."

"ம்."

"பிள்ளைங்க அண்ணாச்சிங்குது. மரியாதைதான். ஆனா நான் உள்ள வந்தாப் பேச்சு நின்னுபோகுது. நான் வராட்டி ஒருத்தருக்கும் தெரியப்போறதில்ல."

"இன்னைக்கு ஒத்திகை முடியட்டும். கையெழுத்துப் போடுறேன்."

மனைவி இறந்த பிறகு அவர் வீட்டில் பேச ஆளில்லாமல் போயிற்று. பேச்சுச் சத்தம் கேட்கிற இடமாகப் பார்த்து உட்காரலாம் என்றுதான், நாற்பத்தொரு வயதில் இங்கே சேர்ந்தார்.

அரங்கில் மூங்கில் பாடை தயாராக இருந்தது. அதில் மணல் மூட்டையைக் கட்டி, மேலே வேட்டி போர்த்துவார்கள். உயிருள்ள ஆள் பாடையில் படுப்பது ஆகாது என்று எல்லார் வீட்டிலும் சொல்லியிருந்தார்கள்.

ரெபேக்கா மூட்டையை அவிழ்க்கச் சொன்னார்.

"இசக்கியப்பன், நீங்க படுங்க."

முன்மூலையில் தூக்கும் பிரவீன் பதறினான். "மேடம், உயிரோட இருக்கிறவரைப் போயி…"

"அவர்தான் போறேங்கிறாரே."

"எங்க போறீங்க அண்ணாச்சி?" என்றான் இன்னொரு மூலையில் தூக்கும் ஹமீது.

அவர் பாடையில் ஏறினார். படுத்தார். தனக்கு இனி ஆகாதது என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"பின் வலது மூலைக்கு யாரு?" என்று கேட்டான் பிரவீன்.

"விளக்குப் போடுற நிஷாந்த் வரட்டும்" என்றார் ரெபேக்கா.

நான்கு பேரும் தூக்கினார்கள். மூங்கில் முனகியது. மேலே கூரையில் ஒட்டடை தெரிந்தது.

மூன்றாவது அடியிலேயே பாடை ஆடியது.

"டேய், எந்தக் காலுடா?"

"உன் காலுதான் முந்துது."

"வெயிட்டு வேற. அண்ணாச்சி, ராத்திரிக்கு ரெண்டு தோசையோட நிறுத்துங்க."

இறக்கிவைத்தார்கள். மறுபடி தூக்கினார்கள். மறுபடி ஆடியது.

"நேத்து சரியாத்தானே போச்சு?"

"நிஷாந்த், எண்ணித் தொலைடா."

"எதை எண்ண?"

"அந்த மூலையில அண்ணாச்சி எண்ணுவாருல்ல. ஒண்ணு, ரெண்டுன்னு. வாய்க்குள்ளயே. அதைக் கேட்டுத்தான் நாங்க காலெடுத்து வைப்போம்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"எங்ககிட்டயும் யாரும் சொல்லல. காதுல விழும். அவ்வளவுதான்."

இசக்கியப்பன் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தான் எண்ணுவது வெளியே கேட்கும் என்று அவருக்குத் தெரியாது.

மனைவியைத் தூக்கிப்போன அன்று தீச்சட்டியோடு அவர் முன்னால் நடந்தார். பின்னால் வந்த நான்கு பேரின் கால்களும் ஒத்துவரவில்லை. அவள் ஆடி ஆடி வருவது சத்தத்திலேயே தெரிந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அவரால் முடிந்தது வாய்க்குள் எண்ணுவதுதான். ஒன்று. இரண்டு. ஒன்று. இரண்டு. சுடுகாடு வரை எண்ணினார்.

அன்று அது யாருக்கும் கேட்கவில்லை.

பையன்கள் மூன்றாம் முறை தூக்கினார்கள். நிஷாந்த் தடுமாறினான். அவன் மூலை சரிந்தது.

"ஒண்ணு" என்றார் இசக்கியப்பன்.

கால்கள் நின்றன.

"ரெண்டு."

நான்கு பேரின் கால்களும் ஒன்றாக விழுந்தன. பாடை நேரானது.

ஒருவரும் சிரிக்கவில்லை. மேடையின் குறுக்கே அவரைச் சுமந்துகொண்டு போனார்கள். அவர் மேலே பார்த்தபடி எண்ணிக்கொண்டே போனார். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கக் கை எழவில்லை.

பார்வையாளர் பக்கத்து இருட்டிலிருந்து ரெபேக்காவின் குரல் வந்தது.

"பிணம் எண்ணாது."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஓர் அடி. இரண்டடி. பாடை ஆடத் தொடங்கியது.

"கீழ இறக்குங்கடா, என் மூலைக்கு நான் வர்றேன்" என்றார் இசக்கியப்பன்.