முந்நூறு சவுக்கும் பதினோரு பேனரும்

“குருவே, இந்தக் காத்துக்கு என் மேல ஏதோ வஞ்சம்.”

செங்கமலம் சவுக்கு நாற்றுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“குருன்னு கூப்பிடாதீங்க சார். நாத்து வாங்க வர்றவங்க தட்சிணை எவ்வளவுன்னு கேக்குறாங்க.”

தெய்வசிகாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவளைவிட இருபது வயது மூத்தவர். கடற்கரை மணலில் எது வேர் பிடிக்கும் என்று அவள் சொல்லிவிட்டால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. மூன்று வருடம் முன்பு அவளிடம் முந்நூறு சவுக்கு வாங்கி, வாழைத்தோட்டத்தின் கடல் பக்கமாக இரண்டு வரிசை நட்டிருந்தார்.

“போன வாரம் நாப்பது வாழை சாய்ஞ்சுடுச்சு. இன்னொரு தடவை சாய்ஞ்சா, தோட்டத்தைக் குடுத்துட்டுப் பையனோட பெங்களூர் போறதுன்னு முடிவாயிருக்கு.”

“யாரு முடிவு பண்ணா?”

“நானில்லை.”

“சவுக்கு எப்படி இருக்கு?”

“ஓட்டுவீட்டை மிஞ்சி நிக்குது. ஆனா நடுவுல சந்து இருக்கே! காத்து அதுவழியா வந்து வாழை இலையெல்லாம் கிழிச்சுது. போன மாசம் அடைச்சுட்டேன்.”

தண்ணீர் நின்றது.

“எதை வச்சு?”

அவள் தோட்டத்துக்கே வந்து பார்த்தாள்.

சவுக்குக்குச் சவுக்கு பிளெக்ஸ் பேனர் இழுத்துக் கட்டியிருந்தது. மொத்தம் பதினொன்று. நான்கு கல்யாணம், மூன்று மஞ்சள் நீராட்டு, மூன்று காதுகுத்து, ஒரு கண்ணீர் அஞ்சலி. எல்லோரும் கடலைப் பார்த்துச் சிரித்தார்கள். அஞ்சலிக்காரரும்.

“கல்யாண மண்டபத்துல கேட்டு வாங்கினேன். ஊசி நுழையாது குருவே.”

பேனரை ஒட்டிய வாழைகள் நின்றன. பத்தடி தள்ளி இருந்தவை ஆளுக்கொரு திசையில் தலை வைத்துப் படுத்திருந்தன.

“சந்து வழியா காத்து வந்தப்போ எத்தனை சாய்ஞ்சுது?”

“ஒண்ணுமில்லை. இலைதான் கிழிஞ்சுது.”

“இப்ப?”

தெய்வசிகாமணி படுத்திருந்த மரங்களைப் பார்த்தார். ஓர் இலையிலும் கிழிசல் இல்லை.

“வழியை அடைச்சா காத்து மேலே ஏறி, அந்தப் பக்கம் குதிச்சுச் சாய்க்கும் சார்.”

செங்கமலம் ஒரு காதுகுத்தை அவிழ்த்தாள். மேல் முனை இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

“கைய விரிச்சுப் பிடிங்க சார். விட்டுடாதீங்க.”

காற்று வந்தது.

பேனர் புடைத்தது. தலைமையாசிரியர் கிளம்பினார். வாழையில் முதல் வரிசை தாண்டினார். இரண்டாவது வரிசை தாண்டினார்.

“விடுங்க சார்!”

“குரு சொன்னா விட மாட்டேன்!”

வாய்க்காலில் சத்தம் கேட்டது.

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி அமிர்தவல்லியின் குரல் வந்தது. “இன்னைக்கு எத்தனை விழுந்துச்சு?”

“ஒண்ணுதான்க்கா” என்றாள் செங்கமலம்.

அவரைத் தூக்கி நிறுத்திவிட்டு, இடுப்பிலிருந்த கத்தியை எடுத்தாள். பேனரில் பிறைபிறையாகக் கிழித்தாள். ஊரில் விளம்பரப் பேனர் கட்டுகிறவர்கள் கிழிப்பார்களே, அதே மாதிரி.

“ஐயோ, குழந்தை முகம்!”

“முகத்தை விட்டுட்டுத்தான் கிழிக்கிறேன். பிடிங்க.”

மறுபடி காற்று வந்தது.

பிறைகள் படபடவென்று திறந்துகொண்டன. அவர் கன்னத்தில் காற்று அடித்தது. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்தது.

ஆள் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு பேனரைக் கீழே போட்டுவிட்டு, மீதிப் பத்தையும் அவரே அவிழ்த்தார்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பெருங்காற்று அடித்தது. கடலோரத்தில் இரண்டு கூரை போனது.

மறுநாள் காலை தெய்வசிகாமணி நாற்றுப் பண்ணைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“குருவே, ஒரு இலைகூட முழுசா இல்லை! எல்லாம் சீப்பு மாதிரி கிடக்குது!”

“மரம்?”

“எல்லாம் நிக்குது.”

“பெங்களூர் பத்தி அக்கா என்ன சொன்னாங்க?”

“இத்தனை வாழையை வச்சுக்கிட்டு, சோறு போட ஒரு இலைக்கு வழியில்லைன்னு காலையிலேர்ந்து திட்டு.”

சொல்லும்போது சிரிப்பில் அவருக்கு வாய் மூடவில்லை.