புருவத்து வெட்டு

தஞ்சாவூரில் கோவிந்த ராஜு என்றொரு ஓவியர் இருந்தார். அவரிடம் பன்னிரண்டு வருடம் தொழில் படித்தவன் சிங்காரம். வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. முதன்முதலாக அவனுக்குத் தனியே ஒரு வேலை வந்தது. ஒரு மிராசுதாரின் இறந்துபோன மனைவியைப் படமாக எழுத வேண்டும். அந்த அம்மாளை வெளியாட்கள் யாரும் பார்த்ததில்லை.

மிராசுதாரே எதிரில் உட்கார்ந்து சொன்னார். அட்டிகையில் எத்தனை கல், புடவைக் கரை எத்தனை விரல் அகலம், மூக்குத்தி எந்தப் பக்கம். எதிலும் தடுமாறவில்லை. சிங்காரம் அத்தனையும் தீட்டி முடித்தான்.

"முகம் எப்படி இருக்கும், ஐயா?"

மிராசுதார் வெகுநேரம் யோசித்தார்.

"பெரிய வீட்டுப் பெண் முகமாக எழுது."

சிங்காரம் குருவிடம் வந்தான். "இருபது வருடம் குடித்தனம் செய்தவர், வாத்தியாரே. முகம் சொல்லத் தெரியவில்லை."

"அந்த அம்மாளுக்குத் தலை வாரிவிட்டது யார்?" என்று கேட்டார் குரு.

வாரிவிட்டது மிராசுதார் வீட்டு வேலைக்காரி காத்தாயி. சிங்காரம் போனபோது கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"கண்ணு சின்னதுங்க. சிரிச்சா மூடிக்கும். சிரிச்சு நாலஞ்சு தடவதான் பாத்திருக்கேன். வலது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும். ஐயா சொம்ப வீசினாங்க. ரத்தத்த நான்தான் தொடச்சேன்."

சிங்காரம் அந்த முகத்தை எழுதினான். வெட்டையும் எழுதினான். காத்தாயி கதவோரம் நின்று பார்த்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

மறுநாள் குருவும் கூட வந்தார். மிராசுதார் அட்டிகைக் கற்களை எண்ணிப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு பார்வை மேலே போனது. முகம் கறுத்தது.

"அந்தக் கோட்டை அழி."

சிங்காரம் அசையவில்லை. குரு தூரிகையை எடுத்தார். தோல் நிறத்தைக் குழைத்தார். ஒரே இழுப்பில் வெட்டை மூடினார்.

வெளியே வந்ததும் சிங்காரம் குருவைக் கேட்டான்.

"காத்தாயியைத் தேடிப் போகச் சொன்னதே நீங்கள்தானே! நீங்களே மூடிவிட்டீர்களே!"

"மறுத்திருந்தால் படத்தையே கொளுத்தியிருப்பார். வேலைக்காரியையும் விட்டிருக்கமாட்டார்."

"இனி அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் அந்த அம்மாளை யாரென்று தெரிந்துகொள்வார்கள்?"

குரு நடையை நிறுத்தவில்லை.

"மிராசுதாரின் மனைவி என்று."