நான்கு பாடங்களும் ஒரு காட்டாறும்

மேற்கு மலையின் அடிவாரக் காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதை ஒரு நாரை நடத்தி வந்தது. முதலில் குளத்தங்கரையில்தான் பள்ளி நடந்தது. ஆண்டுக்கணக்கில் மழை இல்லாமல் குளம் சேறாகி, பிறகு பாளம் பாளமாக வெடித்துப் போனது. நிழல் தேடி அலைந்த நாரையார், பள்ளியைக் காட்டாற்றுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஆறு என்று பெயர்தான். அதில் மணலைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு கரை மரங்களும் மணல்மேல் நிழல் விரித்தன. படிக்க வந்த குட்டிகளில் ஒன்றுகூட அந்த ஆற்றில் தண்ணீரைப் பார்த்ததில்லை.

அங்கே நான்கு பாடங்கள். கரிச்சான் குருவி வானத்தைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தது. உடும்புக்கு மண் பாடம். எந்த வாசனை எதனுடையது என்று கற்றுத் தந்தது கீரி. மந்தியோ எல்லாக் குட்டிகளையும் பாறைமேல் காதை வைக்கச் சொல்லி ஒலிகளைப் பழக்கியது. நால்வரும் தங்கள் பாடத்தில் கெட்டிக்காரர்கள். ஒரு பாடம் முடிந்தவுடன் குட்டிகள் அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டும். நடுவில் மூச்சுவிட நேரம் கிடையாது.

அந்தக் குட்டிகளில் முதல் மாணவி மருதி என்ற சருகுமான். எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள். ஆனால் மாலையில் வீட்டுக்குப் போகும்போது அவளுடைய கால்கள் பின்னும். மேயவும் தோன்றாது. படுத்தாலும் வாய் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்.

அவளுடைய தோழன் நொச்சான் என்ற முள்ளம்பன்றி. அவனுக்கு இந்த ஓட்டமே ஒத்துவரவில்லை. பாதி நாளில் மணல்திட்டில் குழி பறித்து அதற்குள் தூங்கிவிடுவான். ஆசிரியர்களும் அவனைத் தேடிச் சலித்து விட்டுவிட்டார்கள்.

ஒருமுறை மண் பாடத்தின்போது மருதி ஒரு சந்தேகம் கேட்டாள். ஈர மண்ணுக்கும் உலர்ந்த மண்ணுக்கும் வாசனையில் வேறுபாடு உண்டு என்று கீரியம்மா சொன்னார்களே, அதை வைத்து மண்ணைக் கண்டுபிடிக்கலாமா என்றாள். உடும்பு கோபப்படவில்லை. வாசனையைக் கீரியம்மாவிடம் கேள், இங்கே மண்ணைப் பற்றி மட்டும் பேசு, பரீட்சையில் பாடங்களைக் கலந்து எழுதினால் நாரையார் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார் என்று எடுத்துச் சொன்னது. அதன்பிறகு மருதி கலக்கவே இல்லை.

பரீட்சை நெருங்கியது. பாடங்கள் இரண்டு மடங்கு ஆயின. அன்று விடிந்ததும் கரிச்சான் குட்டிகளுக்கு மேற்கு மலையைக் காட்டியது. மலை உச்சியில் கருமேகம் அப்பிக் கிடந்தது. பள்ளியின் தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். இங்கே மழை பெய்யுமா என்று கரிச்சான் கேட்டது. பெய்யாது என்றாள் மருதி. சரியான பதில்.

அடுத்தது உடும்பின் வகுப்பு. ஆற்று மணலிலிருந்து எறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு கரைமேல் ஏறிக்கொண்டிருந்தன. என்ன செய்கின்றன என்று உடும்பு கேட்டது. இடம் மாறுகின்றன என்றாள் மருதி. அதுவும் சரி. கீரி மேற்கிலிருந்து வந்த காற்றை முகரச் சொன்னது. நனைந்த மண்ணின் வாசனை என்று மருதி சொன்னாள். மந்தி பாறைமேல் காதை வைக்கச் சொன்னது. தூரத்தில் ஏதோ முழங்கியது. இடியா என்று மந்தி கேட்டது. இடி விட்டு விட்டுக் கேட்கும், இது விடாமல் கேட்கிறது, அதனால் இடி இல்லை என்றாள் மருதி. மந்தி அவள் முதுகில் தட்டிக் கொடுத்தது.

உச்சி வெயிலில் எல்லாவற்றையும் மறுபடி ஒப்பிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மற்றக் குட்டிகள் ஓடின. மருதியால் முடியவில்லை. ஒரு பாறையின் நிழலில் அப்படியே சரிந்து படுத்துவிட்டாள். யார் வேண்டுமானாலும் திட்டட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் எதையும் யோசிக்க நினைக்கவில்லை. ஆனால் காலையில் படித்தவை தாமாகவே ஒவ்வொன்றாக வந்தன. நனைந்த மண் வாசனை. இங்கேதான் மணல் கொதிக்கிறதே, நனைந்த மண் எங்கே இருக்கிறது? காற்று மேற்கிலிருந்து வந்தது. மேற்கே மலை. மலைமேல் மேகம். அங்கே பெய்கிற மழை எங்கே போகும்? மருதி கண்ணைத் திறந்தாள். மணல் மலைப்பக்கமிருந்து சரிவாக இறங்கி, அவள் படுத்திருந்த இடத்தின் வழியாகப் போனது. எறும்புகள் அந்த மணலை விட்டுத்தான் ஏறிப் போயின. பாறைக்குள் கேட்ட முழக்கம் இப்போது வெறும் காதுக்கே கேட்டது.

மருதி எழுந்து நாரையாரிடம் ஓடினாள். அவர் பரீட்சைக்குக் கேள்விகள் யோசித்துக்கொண்டிருந்தார். அவரும் களைத்துப் போயிருந்தார்.

"ஐயா, தண்ணீர் வருகிறது."

"எந்தப் பாடத்தில் வருகிறது?"

"எந்தப் பாடத்திலும் இல்லை ஐயா. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது."

நாரையார் பெருமூச்சு விட்டார். கரிச்சானைக் கூப்பிட்டுக் கேட்டார். இங்கே மழை பெய்யாது என்றது கரிச்சான். அது உண்மைதான். உடும்பைக் கேட்டார். மணல் காய்ந்துதான் கிடக்கிறது என்றது உடும்பு. அதுவும் உண்மைதான். போய் ஒப்பித்து முடி, பிறகு பேசலாம் என்று நாரையார் மருதியிடம் சொன்னார்.

மருதி நகரவில்லை. "ஐயா, காலையில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததை நான்கு பேரும் இப்போது ஒருவருக்கொருவர் சொல்லச் சொல்லுங்கள். அதன்பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் தண்டியுங்கள்."

அந்த நால்வரும் ஒருவர் பாடத்தை இன்னொருவர் கேட்டதே இல்லை. நாரையார் அழைத்ததால் வந்து, சலிப்போடுதான் தொடங்கினார்கள். கரிச்சான் மலைமேல் இருந்த மேகத்தைச் சொன்னது. உடும்பு எறும்புகளைச் சொன்னது. கீரி வாசனையைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு மலைப்பக்கம் திரும்பியது. உடும்பு தன் காலடி மணலைக் குனிந்து பார்த்தது. மந்தி பக்கத்தில் இருந்த இரண்டு குட்டிகளைத் தூக்கிக் கொண்டு கரையை நோக்கிப் பாய்ந்தது.

எல்லோரும் ஓடினார்கள். கரை ஏறியபிறகுதான் நொச்சான் இல்லாதது மருதிக்குத் தெரிந்தது. அவள் மறுபடி மணலில் இறங்கினாள். திட்டில் இருந்த குழிக்குள் தலையை விட்டுக் கத்தினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, ஆற்றின் வளைவில் பழுப்பு நிறத்தில் மரக்கட்டைகளைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் வந்துவிட்டது. மருதி ஒரு வேரைப் பற்றி ஏறினாள். நொச்சானின் குட்டைக் கால்களுக்கு அந்த வேகம் இல்லை. அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் அங்கே இல்லை.

மறுநாள் வெகுதூரம் தள்ளி, ஒரு மரக்கிளைச் சிக்கலில் அவனைக் கண்டுபிடித்தார்கள். உயிர் இருந்தது. ஒரு பக்கத்து முட்கள் எல்லாம் பிய்ந்து போயிருந்தன. பின்னங்கால் ஒன்று பிறகு சரியாகவே இல்லை.

எல்லோரும் மருதியைப் பாராட்டினார்கள். அவள் நொச்சானின் பக்கத்தில் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாள். நாரையார் வந்து ஏனம்மா அழுகிறாய் என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் முன்னாலேயே படுத்திருக்கலாம் ஐயா. இவனும் தப்பித்திருப்பான்."

நாரையார் அவள் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றார். "நாங்கள்தானே உன்னைப் படுக்க விடவில்லை" என்றார்.

மேட்டு நிலத்தில் ஒரு புங்க மரத்தடியில் பள்ளி மறுபடி தொடங்கியது. பாடங்கள் அதே நான்குதான். ஆனால் நண்பகலில் யாரும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆசிரியர்களும் குட்டிகளும் சும்மா படுத்துக் கிடந்தார்கள். எழுந்தபின் அவரவர் மனத்தில் தோன்றியதைச் சொன்னார்கள். வானத்தையும் மண்ணையும் கலந்து பேசினால் இப்போது யாரும் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. முதல் நாள் மருதிக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. அவள் மாலைவரை தூங்கினாள். யாரும் அவளை எழுப்பவில்லை.

எத்தனை பாடங்களைக் கற்றாலும், கற்றவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்து நினைத்துப் பார்க்க ஓய்வு இல்லாவிட்டால், அந்தக் கல்வி ஆபத்து வேளையில் உதவாது.